முற்றத்தில் நிற்கும் பழைய ஜீப்: பெயரைக் கேளாதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள்

நமது ஊர்களில் நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் எதுவாயினும் அதற்கு ஒரே பெயர்தான்: ஜீப். இங்கிலாந்தில் செய்த லேண்ட் ரோவரும் ஜீப், அமெரிக்காவின் விலிஸும் ஜீப், ஜப்பானின் மிட்சுபிஷியும் ஜீப். சிறுபிள்ளைகள் அப்படிச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த வாகனத்தை வாங்கும்போதும், விற்கும்போதும், அதில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும்போதும் இந்த ஒரு பெயர் நமக்குப் போதாது.

"இதெல்லாம் ஆண்களின் விஷயம், நமக்கு எதற்கு?" என்று சகோதரிகள் சிலர் எண்ணக்கூடும். சற்று யோசித்துப் பாருங்கள். வயலுக்கும் தோட்டத்துக்கும் ஓடிய ஜீப்பை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கணவர் வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போய்விடுகிறார். அல்லது வாப்பா மௌத்தாகி, அவர் ஆசையாக வைத்திருந்த வண்டி கொட்டிலில் தூசி பிடித்து நிற்கிறது. முதலில் வாசலுக்கு வருபவர் தரகர்தான். "இது பழைய இரும்பு தாத்தா, நிறுத்துத்தான் எடுப்பாங்க" என்று அவர் சொன்னால், வீட்டிலிருக்கும் பெண் என்ன பதில் சொல்வாள்? வண்டி எது, எந்த ஆண்டினது, அதன் இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று தெரிந்திருந்தால் அவள் ஏமாற மாட்டாள். தெரியாவிட்டால், அவர் சொன்னதே விலை.

பணம் மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. பழைய ஜீப்பின் ஹேண்ட் பிறேக் நாம் அறிந்த காரின் ஹேண்ட் பிறேக்கைப் போன்றதல்ல. அதை அறியாமல் முற்றத்தில் ஜாக்கி வைப்பவர் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். அதைப் பின்னர் விளக்குகிறோம். முதலில் இந்த வண்டிகள் நம்மிடம் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தன?

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் விலிஸ், போர்ட் ஆகிய இரு கம்பனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ் நமது பேராதனைக்கு வந்தது. போர்க்கால ஜீப் இலங்கைக்கு அந்நியமானதல்ல என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

போர் முடிந்தபின் இங்கிலாந்தின் ரோவர் கம்பனியில் பிரதம பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவிலுள்ள தமது நிலத்தில் ஒரு பழைய விலிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்துவந்தார். அதைப் போன்ற ஒன்றை நாமே செய்தாலென்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. ஆகவே உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டாலும், அடிச்சட்டத்தை மட்டும் உருக்காலும் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு தந்த வரம்தான் இன்றும் பல லேண்ட் ரோவர்கள் உருக்குலையாமல் நிற்பதற்குக் காரணம். அதுவே அவற்றில் ஒளிந்திருக்கும் குறைக்கும் காரணம்.

ஜப்பானின் மிட்சுபிஷி 1953 முதல் விலிஸின் அனுமதியோடு ஜீப் செய்தது. 1998 வரை அது தொடர்ந்தது. டொயோட்டாவின் 40 வரிசை லேண்ட் குரூசர் 1960 முதல் 1984 வரை வெளிவந்தது. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் துரைமாரின் வாகனமாக இருந்தது லேண்ட் ரோவர். இன்றும் சிங்கராஜ வனத்தின் கரடுமுரடான பாதையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் இத்தகைய பழைய ஜீப்புகளே.

நம் நாட்டில் பழைய வாகனம் எளிதில் குப்பைக்குப் போவதில்லை. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. பின்னர் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதியது வராத காலத்தில் பழையதற்கு மதிப்புக் கூடும். மதிப்புக் கூடும் இடத்தில் ஏமாற்றும் கூடும்.

தையல் நாடாவும் ஒரு காந்தமும்

வண்டியை இனங்காண வீட்டிலிருக்கும் இரண்டு பொருள்கள் போதும். ஒன்று தையல் அளவுநாடா, மற்றது பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு.

காந்தத்தை முன் மட்காட்டிலும் போனட்டிலும் வையுங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம், பெரும்பாலும் லேண்ட் ரோவர். ஒட்டினால் அது விலிஸ், மிட்சுபிஷி, டொயோட்டா போன்ற இரும்புத் தகட்டு உடம்புள்ள வண்டி. அல்லது யாரோ இரும்புத் தகட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, முன்சில்லின் நடுப்புள்ளியிலிருந்து பின்சில்லின் நடுப்புள்ளி வரை அளவுங்கள். முன்சில்லுகள் நேராக நிற்க வேண்டும். தையல் நாடா 60 அங்குலம்தான் இருக்கும். எனவே 60இல் ஒரு சோக் அடையாளம் வைத்து அங்கிருந்து மிச்சத்தை அளவுங்கள். மொத்தம் 80 அங்குலம் என்றால் அது முதல் காலத்து லேண்ட் ரோவராகவோ போர்க்கால விலிஸாகவோ இருக்கலாம். 86 அல்லது 107 என்றால் 1954ஐ ஒட்டி வந்தது. 88 அல்லது 109 என்றால் 1956க்குப் பின்னர் வந்தது. நம் நாட்டில் அதிகம் காணப்படுபவை 88உம் 109உம்தான். "கட்டை லேண்ட் ரோவர்", "நீட்டு லேண்ட் ரோவர்" என்று சொல்கிறோமே, அவை இவைதான்.

இனி முகத்தைப் பாருங்கள்.

முதலாம் வரிசை (1948 – 1958): பக்கங்கள் சிலேட்டுப் பலகை போலத் தட்டையாக இருக்கும். முன்விளக்குகள் இரண்டும் நடுவே, ரேடியேற்றரை ஒட்டி இருக்கும்.

இரண்டாம் வரிசை, இரண்டு-ஏ (1958 – 1971): கதவின் இடுப்பளவில் பக்கத் தகடு பீப்பாய் போலச் சற்றுப் புடைத்து வளைந்திருக்கும். விளக்குகள் நடுவிலேயே இருக்கும். 1960களின் கடைசியில்தான் அவை மட்காட்டுக்கு மாறின. இரண்டாம் வரிசைக்கும் இரண்டு-ஏக்கும் வெளித்தோற்றத்தில் அதிக வேறுபாடில்லை. 1961இல் இரண்டு-ஏயோடு 2.25 லீற்றர் டீசல் என்ஜின் வந்தது.

மூன்றாம் வரிசை (1971 – 1985): விளக்குகள் மட்காட்டில் இருக்கும். ரேடியேற்றருக்கு முன்னால் கம்பி வலைக்குப் பதில் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். வேகமானி முதலியவை சாரதிக்கு நேர் முன்னால் இருக்கும். முந்திய வண்டிகளில் அவை நடுப்பலகையில் இருந்தன.

இவை எல்லாவற்றிலும் சில்லுக்கு மேலே பட்டை ஸ்பிரிங் கட்டுகள்தாம். அங்கே சுருள் ஸ்பிரிங் தெரிந்தால் அது 1983இல் வந்த 110 அல்லது 1984இல் வந்த 90 வகையினது. 1990இல் அவற்றுக்கு டிபெண்டர் என்ற பெயர் சூட்டப்பட்டது. 2016 ஜனவரியில் அந்தப் பழைய டிபெண்டரின் உற்பத்தி முடிந்தது.

விலிஸ் வகையில் முன்சட்டத்தின் துவாரங்களை எண்ணுங்கள். போர்க்கால விலிஸுக்கு 9, போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்தவற்றுக்கு 7. போனட் வழமையைவிட உயர்ந்து பெட்டி போலத் தெரிந்தால், அது 1953இல் வந்த விலிஸ் வகையாகவோ அதன் வழிவந்த மிட்சுபிஷியாகவோ இருக்கும்.

முகம் பொய் சொல்லும், இலக்கம் பேசும்

இவ்வளவும் பார்த்த பிறகும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். லேண்ட் ரோவரின் உடம்பு முழுவதும் போல்ட் பூட்டிய தகடுகள். ஒரு நாளில் பழைய முகத்தைக் கழற்றிப் புதிய முகத்தைப் பூட்டலாம். மூன்றாம் வரிசையின் பிளாஸ்டிக் சட்டத்தை இரண்டு-ஏயில் மாட்டி "எழுபத்தைந்து மொடல்" என்று சொன்னால் முகம் பார்த்து யாரும் மறுக்க முடியாது. இலக்கத் தகடும் முழுச் சாட்சியல்ல. எழுத்துத் தகடு, ஸ்ரீ தகடு, எண் தகடு என்று அது சொல்வது வண்டி இங்கே பதியப்பட்ட காலத்தைத்தான், அது செய்யப்பட்ட ஆண்டை அல்ல.

பொய் சொல்லாதது செசி இலக்கம். லேண்ட் ரோவரில் அது முன்பக்கம் வலதுபுறத்தில், பட்டை ஸ்பிரிங் மாட்டப்பட்டிருக்கும் அடிச்சட்ட முனையில் குத்தப்பட்டிருக்கும். மண்ணும் பெயின்றும் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, தவிட்டு நிறம் போனபின் சோக் பூசிப் பாருங்கள். வண்டிக்குள்ளே சிறு தகட்டிலும் அதே இலக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டைத் திருகாணி கழற்றி மாற்றலாம், ஆகவே குத்தப்பட்ட இலக்கத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

அந்த இலக்கத்தின் முதல் மூன்று எண்களே வண்டியின் பிறப்பைச் சொல்லிவிடும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள 88 அங்குல வண்டிகளில், 241, 242 என்று தொடங்கினால் இரண்டு-ஏ பெற்றோல். 271 என்றால் இரண்டு-ஏ டீசல். 901, 902 என்றால் மூன்றாம் வரிசைப் பெற்றோல். 906 என்றால் மூன்றாம் வரிசை டீசல். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். உதிரிப்பாகம் வாங்கும்போது கடைக்காரர் கேட்பது அந்த எழுத்தைத்தான். ஏனெனில் ஒரே வரிசையில் அவ்வப்போது செய்த மாற்றங்களுக்கு அதுவே அடையாளம். 1979இன் கடைசியிலிருந்து 17 இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட நீண்ட எண் வந்தது. அது எஸ்.ஏ.எல். என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும்.

இப்போது பதிவுப் புத்தகத்தை எடுங்கள். செசி இலக்கம், என்ஜின் இலக்கம், எரிபொருள் வகை, உரிமையாளர் பெயர் ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். நம் நாட்டில் பல பழைய லேண்ட் ரோவர்களின் பெற்றோல் என்ஜினைக் கழற்றி ஜப்பான் டீசல் என்ஜின் பூட்டியிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் புத்தகத்தில் இன்னும் பெற்றோல் என்றும் பழைய என்ஜின் இலக்கமும் இருந்தால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தும் அலைச்சல் வாங்குபவரின் தலையில்தான் விழும். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். அட்டைக்குப் பதிந்தபோது செசி இலக்கம் கேட்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எப்போதோ சேற்றுக்குள் மறைந்துபோன இலக்கத்தை அன்று எத்தனையோ வீடுகளில் தேட வேண்டி வந்தது.

மற்றுமொன்று. விற்கும்போது உரிமை மாற்றப் படிவத்தில் வெறும் கையொப்பம் மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயர் எழுதாமல் கொடுத்துவிடுகிறோம். வண்டி பத்துக் கை மாறினாலும் புத்தகத்தில் இருப்பது உங்கள் வீட்டுப் பெயர்தான். நாளை அது விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால் பொலிஸார் முதலில் தேடி வருவதும் உங்கள் வாசலைத்தான். பெயரும் திகதியும் நிரப்பாமல் கையொப்பமிடாதீர்கள்.

அலுமினியத்துக்குள் ஒளிந்த துரு

உடம்பு அலுமினியம் என்பதால் லேண்ட் ரோவர் வெளியே அழகாகத் தெரியும். கீழே இருக்கும் இரும்புச் சட்டம் உள்ளே உக்கிப்போயிருக்கும். காத்தான்குடி, கல்முனை, புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் இதை அவசியம் பார்க்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஒட்டிய இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். அங்கே வெள்ளைத் தூள் பூத்திருப்பதைக் காணலாம்.

காந்தத்தை மீண்டும் எடுங்கள். அடிச்சட்டம், பின்னால் குறுக்கே ஓடும் சட்டம், ஸ்பிரிங் மாட்டிய இடங்கள், கால் வைக்கும் பள்ளம், கதவைத் தாங்கும் தூண் ஆகிய இடங்களில் வையுங்கள். எல்லாம் இரும்பு, ஆகவே ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது இரும்பல்ல, பூசி மெழுகிய புட்டி. சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். உக்கிய இரும்பு மண்பானை போலச் சத்தமடங்கும். கறுப்புத் தார் புதிதாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். என்ஜினைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். அடிச்சட்டம் உக்கியிருந்தால் வண்டி முழுவதையும் பிரித்துத்தான் செய்ய வேண்டும். செலவு அங்கேதான் இருக்கிறது.

மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும்

லேண்ட் ரோவரின் வரிசை வண்டிகளில் கியர் கம்பியைத் தவிர இன்னும் இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்றின் தலை மஞ்சள், மற்றதன் தலை சிவப்பு.

சாதாரணப் பாதையில் பின்சில்லுகள் இரண்டே இழுக்கும். மஞ்சளைக் கீழே அழுத்தினால் முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து பலம் கூடும், நான்கு சில்லும் தாமாகவே சேர்ந்துவிடும். செங்குத்தான ஏற்றத்துக்கும், சேற்றுக்கும், இறக்கத்தில் பிறேக்கை நம்பாமல் என்ஜினால் வண்டியைப் பிடித்து இறக்குவதற்கும் அது உதவும். சிவப்பை மாற்றுமுன் வண்டியை நிறுத்த வேண்டும். மஞ்சளை விடுவிக்க, வண்டியை நிறுத்திச் சிவப்பைப் பின்னால் இழுத்து மீண்டும் முன்னால் தள்ளினால் மஞ்சள் தானாக மேலே எழும்பும். இதை அறியாமல் மஞ்சளைப் பிடித்து இழுத்து உடைப்பவர்கள் உண்டு.

"நாலும் இழுத்தால் நல்லதுதானே, தார்ப் பாதையிலும் போட்டு ஓடலாமே" என்று நினைக்க வேண்டாம். வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஓடும் தூரம் வெவ்வேறு. மண்ணிலும் சேற்றிலும் அந்த வேறுபாட்டைச் சில்லு சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ப் பாதையில் சறுக்க முடியாது. அந்த முறுக்கமெல்லாம் கியர்ப்பெட்டியிலும் அச்சிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், கடைசியில் அச்சு உடையும். (90, 110, டிபெண்டர் வண்டிகளில் நடுவில் ஒரு டிபரன்ஷல் இருப்பதால் அவை எப்போதும் நான்கிலும் ஓடலாம். அதைப் பூட்டினால் மட்டும் இதே விதி.) இதே காரணத்தால் நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சில வண்டிகளில் முன்சில்லின் நடுவில் கையால் திருகும் பூட்டு இருக்கும். அது திறந்திருந்தால் மஞ்சளை அழுத்தியும் பயனில்லை, முன்சில்லு இழுக்காது. சேற்றில் புதைந்த பின் இறங்கித் திருகுவதைவிடச் சேற்றுக்கு முன்னரே திருகிவிடுவது நல்லது. மாதத்தில் ஒருமுறையாவது பூட்டிச் சில கிலோ மீற்றர் மெதுவாக ஓடினால்தான் முன் அச்சின் மேற்பகுதிகளுக்கு எண்ணெய் சேரும்.

உயிரைக் கேட்கும் ஹேண்ட் பிறேக்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

காரில் ஹேண்ட் பிறேக் பின்சில்லுகளைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரிலும் போர்க்கால விலிஸ் ஜீப்பிலும் அது சில்லைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. நான்கு சில்லும் தரையில் இருக்கும்வரை அது நன்றாகவே நிற்கும். ஆனால் ஒரு பின்சில்லை ஜாக்கியால் தூக்கினால், தரையிலுள்ள மற்றச் சில்லு ஒரு பக்கம் உருள, தூக்கிய சில்லு எதிர்ப் பக்கம் சுற்றும். ஹேண்ட் பிறேக் முழுவதும் இழுத்திருந்தாலும் வண்டி நகரும். ஜாக்கி சரிந்தால் கீழே கையோ காலோ இருப்பவரின் கதி என்னவாகும்?

ஆகவே சில்லு கழற்றுமுன் தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைத்தே ஆக வேண்டும். சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்து முதலாம் கியரில் விடுங்கள். முன்சில்லில் பூட்டு இருந்தால் அதையும் பூட்டுங்கள். அப்படியும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது. பிள்ளைகளை அந்த நேரத்தில் முற்றத்துக்கே விடாதீர்கள்.

கியர்ப்பெட்டியின் பின்சீல் தேய்ந்தால் எண்ணெய் அந்த ஹேண்ட் பிறேக்குக்குள் கசியும். பிறகு அது வழுக்கும். சரிவான முற்றத்தில் நிறுத்தும்போது கட்டை வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் இந்தப் பிறேக்கை இழுக்கவும் கூடாது.

காலால் மிதிக்கும் பிறேக்கும் இக்காலக் காரைப் போன்றதல்ல. நான்கிலும் டிரம் பிறேக், பலவற்றில் ஒரே குழாய் வழி. ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் போகும். மிதி வழமையைவிட ஆழமாக இறங்கினால் அன்றைக்கே கராஜுக்கு அனுப்புங்கள், "நாளை பார்ப்போம்" என்று விடாதீர்கள்.

பிள்ளைகளும் பின்னிருக்கையும்

பின்னால் எதிரெதிராக அமரும் பலகை இருக்கைகள் பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். அவற்றில் பெரும்பாலும் வார்ப்பட்டி கிடையாது. திடீரென நிறுத்தினால் பிள்ளை முன்னால் வீசப்படும். பெருநாளைக்கு எல்லோரும் சேர்ந்து போகும் அவசரத்தில் பின்கதவைத் திறந்துவைத்துப் பிள்ளைகளை விளிம்பில் இருத்துவது பெரும் ஆபத்து. ஜீப் உயரமானது, குட்டையான அச்சுடையது. வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும். மெதுவாக ஓடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

88 அங்குல வண்டியில் எரிபொருள் தாங்கி முன் இருக்கையின் கீழேதான் இருக்கிறது. உள்ளே பெற்றோல் மணம் வந்தால் அதைப் பழைய வண்டியின் குணம் என்று எண்ணிவிடாதீர்கள். நிறுத்தி, எல்லோரும் இறங்கி, கசிவைப் பார்த்த பிறகே மீண்டும் ஓட வேண்டும்.

வெள்ள காலத்தில் "ஜீப் தானே, போகும்" என்ற நம்பிக்கை பலரை ஏமாற்றியிருக்கிறது. நிற்கும் ஆழமற்ற நீரில் மெதுவாகப் போகலாம், ஓடும் நீரில் இறங்கவே வேண்டாம். நீரைத் தாண்டியதும் பிறேக்கைச் சிலமுறை மெல்ல மிதித்துக் காயவையுங்கள். நனைந்த டிரம் பிடிக்காது. பின்னர் அச்சு எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது, மாற்ற வேண்டும்.

வீட்டுக் கணக்கு

2.25 லீற்றர் பெற்றோல் என்ஜின் லீற்றருக்கு ஏறக்குறைய 5 முதல் 7 கிலோ மீற்றர்தான் ஓடும். டீசல் 8, 9 வரை போகும். நாளுக்கு 30 கிலோ மீற்றர் ஓடும் வீட்டில் பெற்றோல் வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லீற்றர் வரை வேண்டும். இதை மாதத்தால் பெருக்கி, இன்றைய விலையோடு கணக்குப் பார்த்துவிட்டே வாங்கும் முடிவுக்கு வாருங்கள். என்ஜின் எண்ணெய் மாற்ற ஏறக்குறைய 7 லீற்றர் தேவைப்படும். கியர்ப்பெட்டி, இரண்டு அச்சுகள், முன்சில்லின் உருண்டைகள் ஆகியவற்றுக்குத் தனி எண்ணெய். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் இதற்கு மேலே.

பற்றரியில் ஒரு கவனம் தேவை. 1967 அளவு வரை வந்த வண்டிகளில் பற்றரியின் நேர் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இக்கால வண்டிகளில் எதிர் முனை. அதை அறியாமல் வேறு வண்டியிலிருந்து கம்பி போட்டாலோ ரேடியோ பூட்டினாலோ கருகிவிடும். எந்த முனை என்று பற்றரியின் பக்கத்தில் பெயின்றால் எழுதி வையுங்கள்.

பற்றரி இறங்கினால் முன்னால் கம்பி போட்டுச் சுற்றி என்ஜினை இயக்கும் வசதியும் இவற்றில் உண்டு. சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வைக்க வேண்டும், கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. என்ஜின் எதிர்த்து உதைத்தால் பெருவிரல் முறியும். கீழிருந்து மேலாக இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள்.

வாரத்தில் ஒருநாள், வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், இவற்றைப் பாருங்கள்:

1. என்ஜின் எண்ணெய்க் கம்பி.
2. ரேடியேற்றர் நீர். சூடான நேரத்தில் மூடியைத் திறக்கவே கூடாது.
3. பிறேக் எண்ணெய்.
4. டயர்க் காற்று. ஐந்தாவது டயரிலும்.
5. வண்டி நின்ற இடத்தில் தரையில் என்ன சொட்டியிருக்கிறது என்பது. புதிதாக ஓர் இடத்தில் சொட்டினால் கராஜுக்குச் சொல்லுங்கள்.

இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியாக ஒரு வேலை. இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, செசி இலக்கம், அதன் கடைசி எழுத்து, என்ஜின் இலக்கம், சில்லிடை அளவு, டயர் அளவு, எண்ணெய் வகை, பற்றரி முனை ஆகியவற்றை எழுதிப் பதிவுப் புத்தகத்துக்குள் வையுங்கள். கீழே சிவப்பு மையால் "கட்டை வைக்காமல் ஜாக்கி வைக்காதே" என்றும் எழுதுங்கள். வண்டியை வைத்திருக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்பது உங்கள் வீட்டு முடிவு. எந்த முடிவானாலும், தரகர் வாசலுக்கு வரும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.